கிருமி ஆள் பார்க்காது, வீடு பார்க்கும்!



“வியாதிக்கு ஏழை பணக்காரன் தெரியுமா? வந்தா எல்லாருக்கும்தான்” என்று நம்மவர்கள் சொல்வது வழக்கம். பெரட்டுக் களத்திலும் சொல்வார்கள், ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடிக்கும்போதும் சொல்வார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் பாதிதான் உண்மை.

கிருமிக்குக் கண் இல்லை. துரை வீட்டுக்கும் போகும், லயத்துக்கும் வரும். ஆனால் வந்த பிறகு எத்தனை பேருக்குப் பரவும், அவர்களில் எத்தனை பேரைக் கொண்டுபோகும் என்பதைத் தீர்மானிப்பது கிருமி மட்டும் அல்ல. ஒரு அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வயது, உடம்பில் ஏற்கனவே என்ன நோய் இருக்கிறது, ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியுமா என்பவைதான் பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன. இவையெல்லாம் நோய் வருவதற்கு வெகுநாள் முன்னாலேயே முடிவாகிவிடுகிற சங்கதிகள்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. நூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு பெரிய கொள்ளைநோய்கள் நம் தோட்டங்கள் வழியாகப் போயிருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் தானாக விளங்கும்.

1918: வாலிபரைத் தேடிய காய்ச்சல்

முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், 1918-இல், ‘ஸ்பானியக் காய்ச்சல்’ என்ற இன்புளுவென்சா உலகைச் சுற்றி வந்தது. உலகம் முழுவதும் 5 கோடிப் பேர் வரை இறந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல். மலாயாவில் அதன் உக்கிரம் அந்த ஆண்டு அக்டோபர், நவம்பர் மாதங்களில். சில வாரங்களுக்குள் பல்லாயிரம் பேர் போய்விட்டார்கள். அடி பலமாக விழுந்த இடங்களில் ரப்பர் தோட்டங்களும் இருந்தன.

அந்தக் காய்ச்சலுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. சாதாரணமாகச் சளிக்காய்ச்சல் குழந்தைகளையும் கிழவர்களையும்தான் அதிகம் கொல்லும். இதுவோ 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்ட திடகாத்திரமானவர்களைத் தேடிப் பிடித்துக் கொன்றது.

இப்போது எண்ணிப் பாருங்கள். அந்தக் காலத்தில் கெடாவில் சுங்கைப் பட்டாணியைச் சுற்றியும், பீடோங், கூலிம், பாடாங் செராய் பக்கமும் இருந்த தோட்டங்களில் யார் இருந்தார்கள்? நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, கங்காணியின் பின்னால் வந்த இளவயதுக்காரர்கள். ஆண்கள் அதிகம், பெண்கள் குறைவு, கிழவர்கள் அரிது. வேலைக்கு ஆகாத வயது வந்தவர்களில் பலர் ஊருக்குத் திரும்பினார்கள், அல்லது திருப்பி அனுப்பப்பட்டார்கள். தோட்டத்துக்கு வேண்டியது உழைக்கிற உடம்பு ஒன்றுதான். எந்த வயதுக்காரர்களை அந்தக் காய்ச்சல் தேடியதோ, அந்த வயதுக்காரர்களையே ஒரே லயத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள்!

வயது ஒரு பக்கம் என்றால், உடம்பின் நிலை இன்னொரு பக்கம். காட்டை அழித்துக் கன்று நட்ட நிலங்களில் மலேரியா ஓயாது. வெறுங்காலோடு நடப்பவர்களுக்குக் கொக்கிப் புழு. இரண்டும் சேர்ந்து இரத்தத்தை வற்றடித்துவிடும். அதற்கு மேல் 1918-இல் இந்தியாவில் மழை பொய்த்தது. இறக்குமதி அரிசியை நம்பியிருந்த மலாயாவில் அரிசித் தட்டுப்பாடு வந்தது, விலை எகிறியது. அரைவயிற்றோடு இருந்த உடம்பில் காய்ச்சல் ஏறினால் என்ன ஆகும்?

வைத்தியமோ கிடையாது. அந்தக் காய்ச்சலுக்குக் காரணம் ஒரு வைரஸ் என்பதையே 1933-இல்தான் மனிதர்களிடம் கண்டுபிடித்தார்கள். பெனிசிலின் பொதுமக்கள் கைக்கு வந்ததும் 1940-களில்தான். அன்று வேண்டியிருந்தது படுக்கை, கஞ்சி, சுத்தமான தண்ணீர், பக்கத்தில் இருந்து பார்க்க ஒரு ஆள், இவ்வளவுதான். ஒரே லயத்தில் அத்தனை பேரும் ஒன்றாகப் படுத்துவிட்டால் யார் யாருக்குக் கஞ்சி காய்ச்சுவது?

இதே காய்ச்சல் பம்பாய் நகரில் புகுந்தபோது இனவாரியாகக் கணக்கு எடுத்தார்கள். ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கு அது. ஐரோப்பியரில் ஆயிரத்துக்கு 8 பேர். சாதி இந்துக்களில் ஏறக்குறைய 19 பேர். தாழ்த்தப்பட்ட மக்களில் 61 பேருக்கும் மேல்! ஒரே நகரம், ஒரே மாதங்கள், ஒரே கிருமி. மாளிகையில் இருந்தவனுக்கும் சேரியில் இருந்தவனுக்கும் இடையே ஏழு மடங்குக்கு மேல் வித்தியாசம். நம் முன்னோரில் எத்தனையோ பேர் அந்த 61-க்குரிய மக்களிலிருந்து கப்பல் ஏறி வந்தவர்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

2020: முதியவரைத் தேடிய நோய்

நூறு ஆண்டு கழித்து கோவிட் வந்தது. இதன் குணம் நேர்மாறு. இளைஞர்களை அநேகமாக விட்டுவிட்டு, வயதானவர்களையும், இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, இருதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களையும் பிடித்தது.

இதற்குள் நம் தோட்டமும் மாறிவிட்டது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் தாமான்களும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. பிள்ளைகள் சுங்கைப் பட்டாணி, கூலிம் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை. தோட்டத்தில் மிச்சம் இருக்கிறவர்களில் பலர் வயதானவர்கள். மரம் வெட்டவும் குலை அறுக்கவும் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம், இந்தியா என்று வெளிநாட்டிலிருந்து வந்த வாலிபர்கள்.

1918-இல் வாலிபரைத் தேடிய காய்ச்சலுக்கு வாலிபர் லயம் கிடைத்தது. 2020-இல் முதியவரையும் இனிப்பு நீர்க்காரரையும் தேடிய நோய்க்கு, முதியவரும் பேரப்பிள்ளையும் ஒரே அறையில் படுக்கும் வீடு கிடைத்தது. நோயின் குணம் மாறியது, நெருக்கடி மாறவில்லை.

முதல் சங்கதி: நெருக்கம்

சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே கட்டுமான வேலைக்குப் போன நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் வங்காளதேசத்துப் பிள்ளைகளும் தங்கும் விடுதிகளில் 2020 ஏப்ரல் மாதம் கோவிட் புகுந்தது. அந்த ஆண்டு முடிவில் எடுத்த கணக்குப்படி விடுதிகளில் இருந்த 3 இலட்சத்து 23 ஆயிரம் பேரில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தொற்று வந்திருந்தது. விடுதிக்கு வெளியே சொந்த வீட்டில் இருந்தவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர் இருவர்தான். ஆனாலும் அந்த விடுதிக்காரர்களில் இறந்தவர்கள் மிகச் சிலரே. ஏன்? அவர்கள் இளவயதுக்காரர்கள், அதோடு நோய் கண்டவுடன் மருத்துவமும் கிடைத்தது.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. நோய் பரவுவதை முடிவு செய்வது நெருக்கம். உயிர் போவதை முடிவு செய்வது வயதும், உடம்பும், வைத்தியமும். இரண்டும் சேர்ந்து கெட்டுவிட்ட இடத்தில்தான் பேரிழப்பு.

நம் நாட்டிலும் இதே கதை. 2020 நவம்பரில் கிள்ளான், மேரு வட்டாரக் கையுறைத் தொழிலாளர் விடுதிகளில் ஆயிரக்கணக்கானோருக்குத் தொற்று. அதற்கு முன்பே, அக்டோபரில், நம் அலோர் ஸ்டார் சிறைச்சாலையில் பரவி, அந்த இடத்தையே மூடிவைத்துப் பரிசோதிக்க வேண்டியதாயிற்று. விடுதி, சிறை, லயம் எல்லாவற்றிலும் ஒருவர் விட்ட மூச்சைத்தான் பக்கத்தில் இருப்பவர் இழுக்கிறார். “ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்க” என்று வானொலியில் சொன்னார்கள். பத்தடி அறையில் ஆறு பேர் படுக்கிறவன் எங்கே போய்த் தள்ளி நிற்பான்?

இரண்டாவது சங்கதி: உடம்பு

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுக் கணக்கைச் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாட்டின் பெரியவர்களில் 100-க்கு 18 பேருக்கு இனிப்பு நீர். இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 100-க்கு 31 பேர்! மூன்று பேரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். அதிலும் பலருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது.

இதைக் கேட்டதும் “நம்ம ஆளுங்க சீனி அதிகம் போடுறாங்க, அதான்” என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். பரம்பரைக்கும் பங்கு உண்டு, பழக்கத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் குறைந்த கூலியில் வயிறு நிறைய எது கிடைக்கும்? சோறும், மாவும், சீனித் தண்ணியும்தான். மீனும் காய்கறியும் விலை. முன்பு மரத்துக்கு மரம் நடந்த உடம்பு இப்போது தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் ஒரே இடத்தில் நிற்கிறது, பகலில் தூங்குகிறது. இனிப்பு நீர் வாயில் மட்டும் பிறப்பதில்லை. சம்பளச் சீட்டிலும் பிறக்கிறது.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாத உடம்பு, எந்தத் தொற்றையும் எதிர்த்து நிற்பதில் தளர்ந்து போகும். அதனால்தான் கோவிட் காலத்தில் 40 வயது, 50 வயதுக்காரர்களும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 2021 ஆகஸ்ட் மாதம் சுங்கைப் பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் வட்டாரங்களில் தொற்று ஏறி, மருத்துவமனைப் படுக்கைகளுக்கு நெருக்கடி வந்ததைக் கெடாக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த 2021-ஆம் ஆண்டு முடிவதற்குள் நாட்டில் 31 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயிருந்தன.

மூன்றாவது சங்கதி: கையில் காசு

2020-இல் குறைந்தபட்சச் சம்பளம் என்ன தெரியுமா? பெரிய நகரங்களில் 1,200 வெள்ளி. மற்ற இடங்களில் 1,100 வெள்ளி. அந்த ‘மற்ற இடங்கள்’ பட்டியலில்தான் பெரும்பாலான தோட்டங்கள் இருந்தன. 2025-இல் அது 1,700 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது. நல்லது. ஆனால் நோய் வந்த நேரத்தில் கையில் இருந்தது எவ்வளவு என்பதுதான் கேள்வி.

சேமிப்பு இல்லாதவனுக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் யோசிப்பது என்ன? “டெஸ்ட் பண்ணினா பாசிட்டிவ்னு வந்துடும், பத்து நாள் வேலை போயிடும்.” ஆகவே ரெண்டு பனடால் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறான். அதே வேனில் பத்துப் பேர். இதை அறியாமை என்று ஏசுவது நியாயமா? வீட்டில் அரிசி இருந்தால் அவன் வீட்டிலேயே இருந்திருப்பான்.

2021 ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டினார்களே, ஞாபகம் இருக்கிறதா? “சாப்பாட்டுக்கு வழி இல்லை, உதவுங்கள்” என்பதற்கு அடையாளம். அக்கம்பக்கத்தார் இனம் பார்க்காமல் அரிசியும் முட்டையும் கொண்டு வந்து கொடுத்தது நம் நாட்டுக்குப் பெருமை. ஆனால் கொடி கட்டித்தான் சாப்பிட வேண்டும் என்ற நிலைமை பெருமை அல்ல. அதே காலத்தில் மக்கள் தங்கள் சேமநிதியிலிருந்து மொத்தம் 14,500 கோடி வெள்ளியை எடுத்துச் செலவு செய்தார்கள். வயதான காலத்துக் கஞ்சியை அன்றே குடித்துவிட்டார்கள். நோய் போய்விட்டது. அது வைத்துவிட்டுப் போன கடன், அந்தத் தொழிலாளிக்கு 60 வயதாகும்போது வீட்டுக் கதவைத் தட்டும்.

யார் கொண்டு வந்தது?

கொள்ளைநோய் வந்தால் ஊரில் முதல் கேள்வி இதுதான். 1918-இல் வெள்ளைக்காரன் ‘கூலிகளின் அசுத்தம்’ என்றான். 2020 ஜூலையில் நம் கெடாவிலேயே குபாங் பாசுவில் ஒரு நாசி கண்டார் கடையிலிருந்து தொற்று பரவியது. இந்தியாவிலிருந்து திரும்பி வந்தவர் தனிமைப்படுத்தும் உத்தரவை மீறினார் என்பது வழக்கு. அலோர் ஸ்டாரில் நீதிமன்றம் ஐந்து மாதச் சிறையும் 12,000 வெள்ளி அபராதமும் விதித்தது. அந்தத் தொற்றுக் கூட்டத்துக்குச் சிவகங்கை என்றே பெயரும் வைத்தார்கள். உத்தரவை மீறுவது குற்றம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு ஊரின் பெயர் நோயின் பெயராகிவிட்டால், அந்த ஊர் வழி வந்த அத்தனை பேரையும் மற்றவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள் இல்லையா?

இன்னொன்றையும் கேளுங்கள். 2020 மே 1-ஆம் தேதி, தொழிலாளர் தினத்தன்று, கோலாலம்பூரில் கட்டுப்பாட்டில் இருந்த பகுதியில் குடிநுழைவு அதிகாரிகள் புகுந்து நூற்றுக்கணக்கான வெளிநாட்டவர்களைப் பிடித்துப் போனார்கள். பிறகு என்ன ஆனது? பத்திரம் இல்லாதவன் காய்ச்சல் வந்தாலும் கிளினிக் பக்கம் போகவில்லை. 2021-இல் ஆஸ்பத்திரிக்கு வந்து சேருமுன்பே உயிர் போனவர்கள் என்று ஒரு தனிக் கணக்கே போட வேண்டியிருந்தது. அதில் வெளிநாட்டவர் பங்கு அதிகம்.

“அவன் வெளிநாட்டுக்காரன், நமக்கென்ன?” என்று சொல்லாதீர்கள். ஒளிந்து இருமுகிறவனின் கிருமி அவனோடு நிற்காது. அதைவிட முக்கியம், இன்று அவன் இருக்கும் இடத்தில் நூறு ஆண்டுக்கு முன் நம் தாத்தா இருந்தார்.

பெண்கள் படும் பாடு

1918-இல் இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள். உலகின் பல பாகங்களில் அப்படி இல்லை. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவள் பெண். நோயாளி பக்கத்தில் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பவளும் பெண். சத்தில்லாத உடம்போடு நோயாளியின் மூச்சுக் காற்றில் கிடந்தாள். கோவிட் காலத்திலும் பள்ளிக்கூடம் மூடி, பிள்ளைகள் வீட்டில், மாமியார் படுக்கையில், ஒரே கைத்தொலைபேசியில் மூன்று பிள்ளைகளுக்குப் பாடம் என்று எல்லாம் யார் தலையில் விழுந்தது? தாய்மார்களே, நீங்களே சொல்லுங்கள்.

நன்மை நடந்ததும் உண்டு

எல்லாம் இருட்டு அல்ல. 2021 பிப்ரவரி 24-இல் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். முதலில் கைத்தொலைபேசிச் செயலியில் பதிவு என்றதும் பல முதியவர்கள் திகைத்துப் போனார்கள். அப்புறம் காகிதப் பாரம் வந்தது, பிள்ளைகளும் அக்கம்பக்கத்தாரும் பதிந்து கொடுத்தார்கள், உட்புறப் பகுதிகளுக்கு நடமாடும் குழுக்கள் போயின. அக்டோபர் 10-ஆம் தேதி பெரியவர்களில் 100-க்கு 90 பேர் முழுதாகப் போட்டு முடித்திருந்தார்கள். மரணம் இறங்கியது. மருந்தை இலவசமாக வீட்டு வாசல் வரை கொண்டுபோனால் ஏழையும் பிழைப்பான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சட்டமும் கொஞ்சம் நகர்ந்தது. தொழிலாளர் வீட்டு வசதிக்கான 446-ஆம் எண் சட்டம் 1990-இல் வந்தது. அதைத் திருத்தி, 2020 ஜூன் 1 முதல் தோட்டத்துக்கு அப்பால் மற்றத் தொழில்களின் விடுதிகளுக்கும் விரித்தார்கள். அடுக்குக் கட்டில் விடுதியில் ஒருவருக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்று விதி. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் மனிதவள அமைச்சர் எம். சரவணன் என்ன சொன்னார்? வெளிநாட்டுத் தொழிலாளர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் விதிப்படி இல்லாத இடத்தில்தான் தங்கியிருக்கிறார்கள் என்றார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது!

நோய் இல்லாத நாளில் செய்ய வேண்டியது

அடுத்த கொள்ளைநோய் எப்போது, எந்த வயதைத் தேடி வரும் என்று யாரும் சொல்ல முடியாது. நெருக்கத்தையும், தளர்ந்த உடம்பையும், காலிப் பையையும் தேடி வரும் என்பது மட்டும் நிச்சயம். ஆகவே இப்போதே ஆரம்பியுங்கள்.

வீட்டில்: பகலில் சன்னலைத் திறந்து வையுங்கள், எதிர்ப்பக்கக் கதவையும் திறந்தால் காற்று ஓடும். இருமல் உள்ளவர் சன்னல் ஓரம் படுக்கட்டும், முகக்கவரி போடட்டும். வயதானவர் பக்கத்தில் படுக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்ச் சோதனை செய்துகொள்ளுங்கள். அதுவும் நெருக்கத்தைத் தேடும் நோய்தான்.

கிளினிக்கில்: 30 வயது தாண்டிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறை சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் பாருங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். “மருந்து சாப்பிட்டா கிட்னி போயிடும்” என்ற பேச்சை நம்பி நிறுத்தாதீர்கள். கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரை. மூச்சு வாங்கினால், நெஞ்சு இறுகினால், பேச்சுத் தடுமாறினால் காத்திருக்க வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வேலையில்: மருத்துவர் சீட்டு இருந்தால் சம்பளத்தோடு நோய் விடுப்பு உங்கள் உரிமை. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை 18 நாள், அதற்கு மேல் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள், 2023 முதல் இது தனிக் கணக்கு. காய்ச்சலோடு வேலைக்கு வரச் சொன்னால் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள்.

தோட்டத்தில்: எந்த வீட்டில் தனியாக முதியவர் இருக்கிறார், யாருக்கு இனிப்பு நீர், யாருக்கு டையாலிசிஸ், யாரிடம் வண்டி இருக்கிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு எழுதுங்கள், கிளைப் பொறுப்பாளர் கையில் மட்டும் இருக்கட்டும். நோய் வந்த பிறகு இந்தக் கணக்கை எடுக்க நேரம் இருக்காது. ஒழுகும் கூரை, அடைத்த கால்வாய், நெரிசலான விடுதி இவற்றைத் தொழிலாளர் இலாகாவுக்கு எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போகும், கடிதம் கோப்பில் நிற்கும்.

தோழர்களே! சம்பள உயர்வு கேட்பது வேறு, சுகாதாரம் வேறு என்று நினைக்க வேண்டாம். கூடுதலாக ஒரு அறை, கூடுதலாக ஐம்பது வெள்ளி, சம்பளத்தோடு ஒரு நாள் விடுப்பு, இவையும் தடுப்பு மருந்துதான். ஊசி மருந்தை அரசாங்கம் தரும். இந்த மருந்தை நாமே ஒன்றாக நின்றுதான் வாங்க வேண்டும்.